செம்புக் குமிழ் வைத்த தடி

அத்தியாயம் 9

எனக்கு முதல் அடி விழுந்தது பகல் பன்னிரண்டரைக்கு. வணக்கம் சொல்லத்தான் கையைத் தூக்கினேன். கொட்டகை வாசலில் நின்ற ஆள் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு என் விலாவில் முழங்காலைக் கொடுத்தான். மரக்காணத்தில் மரியாதைக்கு இதுதான் கூலி என்று தெரிந்திருந்தால் கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருப்பேன்.

"எழுந்திரு அந்தோணி. நாம இன்னும் உள்ளேயே போகலை" என்றார் கலைமதி மேடம்.

என் முழுப்பெயர் அந்தோணிசாமி. பெரிய முதலியார்சாவடியில் ஸ்கூட்டர் மெக்கானிக் கடைக்கு மேல் மாடியில் ஒரு துப்பறியும் நிலையம் இருக்கிறது. அதில் டிரைவர், குமாஸ்தா, டீ வாங்கி வருபவன், அடி வாங்குபவன் எல்லாம் நான்தான். முதலாளி மேடம். நாற்பத்து மூன்று வயது, கைத்தறிப் புடவை, கான்வாஸ் ஷூ. மற்றவர்கள் கேள்வி கேட்கிற இடத்தில் மேடம் முகர்ந்து பார்ப்பார். எதையாவது தொட்டால் விரலைத் துடைப்பது என் சட்டையில்தான்.

கன்னியப்பன் விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாற்பது பேர் வேலை செய்யும் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். அன்றைக்குப் பதினோரு நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் பாத்தி வரப்பின் மேல் பின்மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். அவர் கையைவிட்டு இறங்காத தடியைக் காணவில்லை. அலுமினியக் குழாய், நுனியில் கைக்குள் அடங்குகிற அளவில் செம்புக் குமிழ். உப்பளத்துக்காரர்களுக்கு இரும்பு என்றாலே ஆகாது. துரு இறங்கினால் உப்பு மஞ்சளாகிவிடும். அதனால் இரும்பே கலக்காத தடி வேண்டும் என்று கேட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் லேசர் வெல்டிங் கடை வைத்திருக்கும் சித்தார்த்தனிடம் அதைச் செய்து வாங்கினார். அதைக் கொண்டு உப்புக் கட்டியையும் உடைத்தார், வேலை செய்கிறவர்களின் கணுக்காலையும் உடைத்தார்.

அன்று காலை பம்ப்செட் குழாயின் அடியில் இருக்கிற ஃபுட்வால்வை வாய்க்காலிலிருந்து தூக்கியபோது அந்தத் தடியும் கூடவே வந்தது. சித்தார்த்தன் கடைக்குப் பின்னால், பத்தடி தூரத்தில். இரண்டு மாதத்துக்கு முன்னால் கன்னியப்பன் அவனை அவன் கடையிலேயே வைத்துச் செருப்பால் அடித்தது ஊருக்கே தெரியும். செத்தவரின் தம்பி மணிகண்டனுக்கு இதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை. சித்தார்த்தனைக் கடையிலிருந்து இழுத்து வந்து உப்புக் கொட்டகையில் கட்டிப் போட்டுவிட்டான்.

போலீஸைக் கூப்பிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். உப்பளத்தில் மறைவு என்பதே கிடையாது. பார்த்த இடமெல்லாம் வெள்ளைத் தரை. ரோட்டிலிருந்து ஒரு ஜீப் திரும்பினால் மூன்று கிலோமீட்டருக்கு முன்னாலேயே தெரியும். ஜீப்பைக் கண்ட நிமிஷமே உன் புருஷனை வாய்க்காலில் அமுக்கிவிடுவேன் என்று மணிகண்டன் போனில் சொல்லியிருந்தான். அதைக் கேட்டுவிட்டுத்தான் சித்தார்த்தனின் மனைவி பிரியதர்ஷினி எங்களிடம் ஓடி வந்தாள். அவள் இப்போது எங்கள் காரின் பின் சீட்டில் இருந்தாள்.

கொட்டகைக்குள் போனதும் விலா வலி எனக்கு மறந்துபோனது. உப்பு மூட்டை நிறுக்கும் தராசோடு சேர்த்து சித்தார்த்தனைக் கட்டியிருந்தார்கள். வலது கை மட்டும் ஒரு பலகையின் மேல் விரித்து ஆணி அடித்த வார்ப்பட்டையில் மாட்டப்பட்டிருந்தது. சுண்டுவிரல் போகக் கூடாத பக்கம் வளைந்திருந்தது. எதிரில் உப்பளத்து ஆட்கள் நாற்பது பேரையும், பெரும்பாலும் பெண்கள், வரிசையாக உட்கார வைத்திருந்தான் மணிகண்டன். திண்டிவனத்தில் மனை வாங்கி விற்பவன். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு, கையில் இரண்டு கிலோ சுத்தியல்.

கணக்கு எளிது என்றான். மணிக்கு ஒரு விரல். கேமரா முன்னால் ஒத்துக்கொண்டால் நிறுத்துவான். பன்னிரண்டரைக்குச் சுண்டுவிரல் முடிந்தது. ஒன்றரைக்கு மோதிர விரல், இரண்டரைக்கு நடுவிரல்.

"மூணரைக்கு ஆள்காட்டி விரல். அதாலதான அந்த லேசர் துப்பாக்கியை அழுத்துறான்? அதோட அவன் தொழிலும் போச்சு, அப்புறம் ஆளும் போயிடுவான்."

எங்களை வெளியே தள்ளியிருப்பார்கள். தடுத்தது மேஸ்திரி வெற்றிச்செல்வன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், உப்பில் வெடித்த பாதம், அதட்டிப் பேசத் தெரியாத குரல். அந்தம்மா கேட்டால் பையன் வாயைத் திறக்கலாம், விட்டுப் பாருங்கள் என்று மணிகண்டனிடம் கெஞ்சினார். பிறகு ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துவந்து சித்தார்த்தன் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். அந்தக் கொட்டகையில் மனுஷனாக இருந்தது அவர் ஒருத்தர்தான் என்று எனக்குப் பட்டது. எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது.

மேடம் தடியைக் கேட்டார். அதையும் மேஸ்திரிதான் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினார். மேடம் குமிழைப் பார்க்கவில்லை. குமிழும் குழாயும் சேருகிற இடத்தைப் பார்த்தார். சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு வளையம், பளபளவென்று இருந்தது. கட்டைவிரலால் தேய்த்தார், முகர்ந்தார், என் சட்டையில் துடைத்தார். என் சட்டை வேப்பெண்ணெய் நாற்றம் அடித்தது.

"பதினோரு நாளா தண்ணியில கெடந்திருக்குது. அவன் கடை வாசப்படியில இருந்து எட்டிப் போட்டிருக்கான்" என்றான் மணிகண்டன்.

மேடம் சித்தார்த்தன் பக்கம் குனிந்தார். அவன் உதடு கிழிந்திருந்தது. ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னான்.

"கடை ஜன்னல்ல பாட்டில் இருக்குது, அதைப் பாருங்க மேடம்."

அதுதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே நூல். மேடம் மணிகண்டனிடம் போய், கோர்ட்டில் நிற்கிற மாதிரி ஒரு சாட்சியம் கொண்டுவருகிறேன், அதுவரை பொறுத்துக்கொள் என்றார். போய்க் கொண்டுவா, என் கடிகாரம் நிற்காது என்றான் அவன். காவலுக்கு என்னை உதைத்த ஆளையே எங்களோடு அனுப்பினான். அவன் பெயர் வேல்முருகன். காரில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மடியில் ஒரு கடப்பாரையைக் குழந்தை மாதிரி வைத்திருந்தான். சீட் பெல்ட் போடச் சொன்னேன், முறைத்தான்.

கடை வாசலில் பெரிய போர்டு. எந்த உலோகத்தையும் எந்த உலோகத்தோடும் ஒட்டித் தரப்படும் என்று மஞ்சள் எழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே ஃபிரிட்ஜ் அளவுக்கு ஒரு மெஷின், அதிலிருந்து நீளமான குழாய், குழாய் நுனியில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. அலமாரி பூராவும் ஒட்டிக் காட்டிய மாதிரித் துண்டுகள். பித்தளையோடு எவர்சில்வர், செம்போடு இரும்பு, செம்போடு அலுமினியம்.

மேடம் ஜன்னல் பக்கம் போன நேரத்தில் வேல்முருகன் கடப்பாரையை ஓங்கி மெஷினின் முகப்பில் இறக்கினான். கண்ணாடி சிதறியது. பாட்டில் என்று சித்தார்த்தன் சொன்னது அவன் காதிலும் விழுந்திருக்கிறது. கடையில் எதையும் விட்டு வைக்காதே என்று மணிகண்டன் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

நான் லேசர் துப்பாக்கியை எடுத்து அவன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தேன்.

"அசையாத. ஒரு அழுத்து, முதுகு வழியா கடல் தெரியும்."

வேல்முருகன் நின்றுவிட்டான். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த மூன்று விநாடி அது.

"அண்ணே, அது இரும்பைத் தொட்டாத்தான் எரியும், ஆளைப் பார்த்துப் புடிச்சா எரியாதுண்ணே" என்றாள் பிரியதர்ஷினி. உண்மை பேசுவதற்கு என்று ஒரு நேரம் காலம் இருக்கிறது, அவள் அதைப் பார்க்கவில்லை.

கடப்பாரை என் தோளில் இறங்கியது. விழுந்தேன். இரண்டாவது அடி தலைக்கு வந்தது, உருண்டேன், சிமென்ட் தரை பெயர்ந்தது. மேடம் பின்னாலிருந்து அவன் கழுத்தில் வெல்டிங் குழாயைப் போட்டு இறுக்கினார். அவன் மேடத்தை முதுகோடு தூக்கி அலமாரியில் மோதினான். மாதிரித் துண்டுகள் எங்கள் மேல் கொட்டின. மேடம் வாயில் ரத்தம் வந்தது, பிடியை விடவில்லை.

அப்போது பிரியதர்ஷினியின் போன் அடித்தது. வீடியோ. மணி ஒன்றரை. போனிலிருந்து முதலில் ஒரு சத்தம் வந்தது, பச்சைக் குச்சியை ஒடிக்கிற சத்தம். பிறகு சித்தார்த்தன் கத்தினான்.

பிரியதர்ஷினி அழவில்லை. போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள். கேஸ் சிலிண்டர் திறக்கிற ஸ்பேனரை எடுத்தாள். வேல்முருகனின் முழங்காலில் ஒன்று. அவன் மடிந்ததும் கடப்பாரை பிடித்த கையில் இன்னொன்று. மூன்றாவதுக்கு ஓங்கியவளை மேடம் பிடித்துக்கொண்டார். உயிர் இருக்கட்டும், நேரம்தான் இல்லை என்றார்.

வேல்முருகனை எர்த் ஒயரால் மெஷின் காலில் கட்டினோம். அவன் லேசாகத் தொந்தரவு கொடுத்ததால் கட்ட நேரமானது. என்னால் ஒரு கையைத்தான் தூக்க முடிந்தது.

ஜன்னலில் அந்தப் பாட்டில் இருந்தது. ஊறுகாய் பாட்டில், அதில் உப்பளத்து வாய்க்கால் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு பட்டை. பாதி செம்பு, பாதி அலுமினியம். மூடியில் தேதி எழுதி ஒட்டியிருந்தது, ஆறு நாள் ஆகியிருந்தது. செம்பு அப்படியே இருந்தது. அலுமினியம் ஒட்டின இடத்திலிருந்து வெள்ளையாகத் தயிர் மாதிரி கரைந்து தொங்கியது. மேடம் பாட்டிலை லேசாக ஆட்டினார், அதில் ஒரு துணுக்கு கழன்று அடியில் போய் உட்கார்ந்தது.

பிரியதர்ஷினி மளமளவென்று சொன்னாள். செம்பையும் அலுமினியத்தையும் ஒட்டுவதே பெரிய பாடு. ரொம்ப உருக்கிக் கலந்துவிட்டால் பிஸ்கட் மாதிரி நொறுங்கிவிடும். லேசரைச் சும்மா தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும், சித்தார்த்தனுக்கு அந்தக் கை இருந்தது. ஆனால் ஒட்டின பிறகு உப்புத் தண்ணீர் பட்டால் இரண்டும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செய்ய ஆரம்பித்துவிடும். செம்பு தப்பிக்கும், அலுமினியம் கரையும். தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகாது.

"மொத தடவை செஞ்ச தடி ஒரு வாரத்துல ஆடிப்போச்சு மேடம். வேற ஒண்ணு செஞ்சு குடுத்துட்டு, தெனமும் சாயங்காலம் நல்ல தண்ணியில கழுவி எண்ணெய் தடவி வைங்கன்னு இவரு சொன்னாரு. காசு குடுத்து வாங்குன பொருளுக்கு நான் ஊழியம் பண்ணணுமாடான்னு செருப்பைக் கழட்டிட்டாரு அவரு. அதுல இருந்துதான் இவரு பாட்டில்ல போட்டுப் போட்டுப் பார்த்துக்கிட்டு இருக்காரு, உப்புலயும் நிக்கிற மாதிரி ஒட்டணும்னு."

மேடம் தன் கட்டைவிரலை மறுபடி முகர்ந்தார். பிறகு என் சட்டையையும் முகர்ந்தார்.

"எண்ணெய்" என்றார். "வண்டியை எடு."

நான் ஒற்றைக் கையால் ஓட்டினேன். உப்பளத்துக்குள் போகிற மண்பாதையில் ஒரு லாரி எதிரே வந்தது. இரண்டு வண்டி ஒதுங்க இடமில்லை, ஒதுங்கினால் பாத்திக்குள் இறங்க வேண்டியதுதான். பின்னால் போய், லாரியை விட்டு, மறுபடி முன்னால் வந்தேன். அதில் நான்கு நிமிஷம் போனது. இன்றைக்கும் அந்த நான்கு நிமிஷத்தை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. கொட்டகை வாசலில் பிரேக் போட்டபோது மணி இரண்டு முப்பத்தொன்று. மேடம் கதவைத் திறந்து ஓடும்போதே உள்ளே அந்தப் பச்சைக் குச்சி சத்தம் கேட்டது.

சித்தார்த்தன் இந்த முறை கத்தவில்லை. தலை தொங்கியிருந்தது. மேஸ்திரி மறுபடி சொம்போடு அவன் பக்கத்தில் நின்றார். மூன்று விரல் போயிருந்தது. பிரியதர்ஷினி அவன் காலடியில் போய் உட்கார்ந்து ஆள்காட்டி விரலை மட்டும் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அதை அடிக்க வேண்டுமென்றால் முதலில் அவள் கையை அடிக்க வேண்டும்.

மேடம் பாட்டிலைத் தராசின் மேல் வைத்தார். செம்பும் அலுமினியமும் சேர்த்து ஒட்டினது, உங்கள் வாய்க்கால் தண்ணீரில் ஆறே நாள் என்றார். பட்டையை வெளியே எடுத்து விரலால் சுண்டினார். அது இரண்டாகிக் கீழே விழுந்தது.

"உங்க அண்ணன் தடியும் இதே செம்பு, இதே அலுமினியம், இதே கை ஒட்டினது. பதினோரு நாள் தண்ணியில கெடந்துதுன்னு சொல்றீங்க. ஒட்டுன எடத்தைப் பாருங்க."

மணிகண்டன் பார்த்தான். வளையம் பளபளவென்றுதான் இருந்தது. அவன் முட்டாள் இல்லை. அப்படியென்றால் இவன் எங்கோ ஒளித்து வைத்திருந்து நேற்று வாய்க்காலில் போட்டிருக்கிறான் என்றான்.

"உப்புத் தண்ணி என்ன பண்ணும்னு இந்த ஊர்லயே தெரிஞ்சது இவருக்கு மட்டும்தான். தடியை ஒழிக்கணும்னா இவரு அன்னிக்கே தண்ணியில போட்டிருப்பாரு. இந்நேரம் தடியே இருந்திருக்காது. நேத்து கொண்டுவந்து போட்டவனுக்கு அது தெரியலை."

மேடம் தடியை எடுத்து அதன் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்தார். தண்ணீர் முத்து முத்தாக நின்று வழிந்தது. கட்டைவிரலை மணிகண்டன் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"வேப்பெண்ணெய். கொலை பண்ணினவன் ரத்தத்தைக் கழுவுவான், அது புரியுது. எண்ணெய் எதுக்குத் தடவினான்? ஏன்னா தெனமும் அதைத்தான் பண்ணிக்கிட்டு இருந்தான். கழுவி முடிச்சா அடுத்த வேலை அவன் கைக்கு எண்ணெய்தான். உங்க அண்ணன் தானே குனிஞ்சு தடியைக் கழுவுற ஆளா?"

"எங்கண்ணனா?" மணிகண்டன் சிரித்தான்.

"அப்ப சாயங்காலம் சாயங்காலம் யாரு கழுவி வச்சது?"

அவனுக்குத் தெரியவில்லை. அண்ணன் இருந்தவரை அந்த வெள்ளைச் செருப்பு உப்பளத்தில் இறங்கியதே கிடையாது. தெரியாததைக் கேட்க அவனுக்கு அங்கே ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். திரும்பிக் கேட்டான்.

"ஏம்பா மேஸ்திரி, யாருப்பா அது?"

நான் அந்த நாற்பது பேரையும் பார்த்தேன். ஒருத்தர்கூட மேஸ்திரியைப் பார்க்கவில்லை. ஒருத்தி தரையைப் பார்த்தாள், ஒருத்தி கூரையைப் பார்த்தாள், இன்னொருத்தி தன் கால் விரலைப் பார்த்தாள். நாற்பது பேரும் அவ்வளவு ஜாக்கிரதையாக ஒரு மனுஷனைப் பார்க்காமல் இருந்தார்கள்.

வெற்றிச்செல்வன் சொம்பைக் கீழே வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

"நான்தாங்க."

அவர் மணிகண்டனிடம் பேசவில்லை, மேடத்திடம்தான் பேசினார். அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சின்னப்பாப்பா உப்பு வாரிக்கொண்டிருந்தாள். தள்ளாடினாள் என்று கன்னியப்பன் குமிழால் அவள் கால் எலும்பில் போட்டார். சாயங்காலம் வழக்கம்போலத் தடியை மேஸ்திரியிடம் கொடுத்தார்.

"கழுவுறேன், பாப்பா ரத்தம் போகவே மாட்டேங்குது. ரெண்டு குடம் தண்ணி ஊத்தியாச்சு. அவரு அந்தப் பக்கம் குனிஞ்சு செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தாரு. எனக்கு அப்போ ஒண்ணும் தோணலைம்மா. கை தானா போயிருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் மறுபடியும் கழுவினேன். எண்ணெய் தடவி எங்க வீட்டு மேக்கூரையில சொருகினேன். மறுநாளும் எடுத்துத் தொடைச்சேன். எதுக்குத் தொடைச்சேன்னு இன்னிக்கும் தெரியலை."

"ஒரு நாள்கூட நீங்க தவறலை. அதனாலதான் தவறினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாமப் போச்சு" என்றார் மேடம்.

மணிகண்டனுக்கு இது உறைக்க இரண்டு விநாடி ஆனது. பிறகு சுத்தியல் பறந்து வந்தது. மேஸ்திரி தலையைக் குனியவில்லை, நான்தான் அவரைத் தள்ளினேன். சுத்தியல் பின்னால் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே போனது. கொட்டகைக்குள் காவலுக்கு நின்ற மணிகண்டனின் ஆட்கள் மூன்று பேரும் பாய்ந்தார்கள். ஒருவன் என் அடிபட்ட தோளையே தேடிப் பிடித்துக் குத்தினான். எனக்குக் கண் இருட்டியது. மேடம் தடியைச் சுழற்றினார், ஒருவனுக்குத் தாடையில் விழுந்து இரண்டு பல் உப்புத் தரையில் தெறித்தது. மணிகண்டன் மேஸ்திரியின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தராசுக் கம்பத்தில் மோதினான். ஒன்று. இரண்டு. அவர் கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை.

சின்னப்பாப்பா நொண்டிக்கொண்டே எழுந்தாள். உப்புக் குவியலில் இரண்டு கையையும் விட்டு அள்ளி மணிகண்டன் கண்ணில் அடித்தாள். அவன் அலறிக்கொண்டு விழுந்தான். அதற்குள் பெண்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். உப்பு வாருகிற பலகைகள் மூலையில் சாய்த்திருந்தன. ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு மேஸ்திரியைச் சுற்றி நின்றார்கள். அடுத்த ஐந்து நிமிஷம் அந்த மூன்று அடியாட்களுக்கும் நல்ல நேரமாக இருக்கவில்லை. ஒருவனின் கை எங்கே முடிகிறது, பலகை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நான் மூட்டை மேல் சாய்ந்துகொண்டு பார்த்தேன். எனக்கு ஆனந்தமாக இருந்தது, அதைச் சொல்ல வெட்கப்படவில்லை.

எல்லாம் ஓய்ந்த பிறகு பிரியதர்ஷினியின் குரல் கேட்டது. சத்தமாகப் பேசவில்லை. கணவன் கையிலிருந்த வார்ப்பட்டையைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"தடியை யாரு கழுவுறான்னு உங்க எல்லாருக்கும் தெரியும். காலையில தடி கெடச்சப்பவே தெரியும். ஒரு மேஸ்திரிக்கு நாப்பது பேரு எழுந்து நிக்கிறீங்க. எங்க வீட்டுக்காரருக்கு மூணு விரல் போறவரைக்கும் உக்காந்துதான இருந்தீங்க?"

சின்னப்பாப்பா பலகையைக் கீழே போட்டாள். சித்தார்த்தன் வெளியூர், கிளியனூர்க்காரன், எங்கள் ஆள் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதுதான் காரணம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ஆனந்தமாக இருந்த எனக்கும் அது போய்விட்டது.

மேஸ்திரி தலையில் ரத்தம் வழிய முன்னால் வந்தார். யாரும் கேட்காமலே வலது கையை அந்தப் பலகையின் மேல் விரித்து வைத்தார். பிரியதர்ஷினி அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கடையிலிருந்து அவள் கையோடு கொண்டுவந்த கேஸ் ஸ்பேனர் அவள் காலடியில் கிடந்தது. மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"உன் கையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? வண்டியை எடுங்கண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றாள்.

மேஸ்திரியை அங்கே விட்டுவிட்டுப் போக முடியாது. மணிகண்டன் கண்ணைக் கழுவிக்கொண்டு எழுந்தால் அவரை மட்டுமில்லை, அவரைச் சுற்றி நிற்கிற பெண்களையும் சேர்த்துத்தான் வெட்டுவான். எங்களிடம் இருந்தது ஒரே கார். அதனால் பின் சீட்டில் சித்தார்த்தன் நடுவில், பிரியதர்ஷினி ஒரு பக்கம், வெற்றிச்செல்வன் இன்னொரு பக்கம். இடம் போதாமல் மூன்று பேரின் தோளும் இடித்துக்கொண்டிருந்தது. மேடம் முன் சீட்டில் போலீஸுக்குப் போன் போட்டார். இப்போது ஜீப் வந்தால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

திண்டிவனம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். பெருமுக்கல் மலை தெரிய ஆரம்பித்தது. ஏன் இவரை மாட்டிவிட்டீர்கள் என்று மேடம் திரும்பாமலே கேட்டார். மணிகண்டன் நாளையிலிருந்து பெண்களை ஒவ்வொருத்தராகக் கொட்டகைக்கு இழுத்து விசாரிக்கப் போவதாகச் சொன்னான், அதைக் கேட்டுப் பயந்து நேற்றுச் சாயங்காலம் தடியைக் கொண்டுபோய்ப் போட்டேன் என்றார் மேஸ்திரி. போலீஸ் கூட்டிக்கொண்டு போகும், பிறகு விட்டுவிடும் என்று நினைத்தாராம். சுத்தியலை அவர் எதிர்பார்க்கவில்லையாம்.

சித்தார்த்தன் அதுவரை கண்ணை மூடியிருந்தான். மயக்கம் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே பேசினான்.

"எனக்குத் தண்ணி குடுத்தீங்களே, பக்கத்துலயே நின்னீங்களே."

மேஸ்திரி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டாவது விரலுக்கே சொல்லிடலாம்னு நெனச்சேன்ப்பா. மூணாவதுக்குச் சத்தியமா வாயைத் தொறந்துட்டேன். அதுக்குள்ள அவன் அடிச்சிட்டான்."

நான் கண்ணாடியில் பார்த்தேன். சித்தார்த்தன் மிச்சமிருந்த அந்த ஆள்காட்டி விரலை மெதுவாக மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணைத் திறந்து அவர் பக்கம் திரும்பினான்.

"நாலாவதுக்குச் சொல்லியிருப்பீங்களா?"

வெற்றிச்செல்வன் தன் வலது கையை மடியில் விரித்து வைத்தார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தும்வரை அவர் அந்தக் கையை மடக்கவே இல்லை.